கொளத்துக்கு ஒரு பூட்டு

அந்தப் பூட்டு வெயில்ல பளபளன்னு மின்னுச்சு. என் கைமுட்டி அளவு இருக்கும். புதுசு. சாவி ஓட்டையில விட்ட எண்ணெ கூட இன்னும் காயல.

எங்க வீட்டுக்கே பூட்டு கெடையாதுங்க. கதவுல கொண்டி இருக்கு. அதுல ஒரு வெளக்கமாத்துக் குச்சிய சொருகிட்டு மூணு நாள் கல்யாணத்துக்கே போயிட்டு வருவோம். திருடன் வந்தா பாவப்பட்டு எதையாவது வச்சுட்டுப் போவான். அப்பேர்ப்பட்ட ஊர்ல, கொளத்துக்குப் பூட்டு.

கொளத்த எப்புடிடா பூட்டுவாங்கன்னு நீங்க கேக்கலாம். சுத்திவர முள்ளுக்கம்பி, படித்துறைக்கு எதுக்க இரும்புக் கேட்டு, கேட்டுல சங்கிலி, சங்கிலில பூட்டு. அவ்வளவுதான். உள்ள தண்ணி, வெளில நாங்க.

கேட்டுக்கு முன்னாடி மல்லிகா அத்தாச்சி நின்னுச்சு. என் பெரியப்பா மகனோட சம்சாரம். அண்ணன் துபாய்ல லாரி ஓட்டுறாரு. அத்தாச்சி இங்க மூணு மா ஒரு ஏக்கருங்கிற கணக்குல அஞ்சு மா நெலத்த குத்தகைக்கு எடுத்து ஒத்த ஆளா வெவசாயம் பாக்குது. அன்னிக்கு அது தோள்ல தண்ணி எறைக்கிற ஓஸு சுருட்டிக் கெடந்துச்சு, மலப்பாம்பு கணக்கா. பக்கத்துல தள்ளுவண்டில டீசல் எஞ்சின்.

கேட்டுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் சேர்ல கோவிந்தண்ணன். எங்க ஊரு ஆளுதான். புது வாட்ச்மேன் வேலை, புது காக்கிச் சட்டை. சட்டை பெருசு, அண்ணன் சிறுசு.

"கோவிந்தண்ணே, கேட்ட தொறங்க. நாத்தங்கால் வெடிச்சுப் போச்சு" அப்படின்னுச்சு அத்தாச்சி.

"தண்ணி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கம்மா."

"யாரு?"

"குத்தகைக்காரரு. தண்ணி கொறஞ்சா மீனு செத்துருமாம்."

"நாத்து செத்தா?"

கோவிந்தண்ணன் சட்டைப் பித்தான திருகிக்கிட்டே இருந்தாரு.

நான் சும்மா இருப்பனா? "அண்ணே, ஒரு சந்தேகம். இந்தக் கேட்டுக்குள்ள உக்காந்துருக்கீங்களே, உங்களத்தான் பூட்டிருக்காங்களா, கொளத்தப் பூட்டிருக்காங்களா?"

"போடா, வெளயாடாத" அப்படின்னாரு. ஆனா முகத்துல சிரிப்பு வரல.

அத்தாச்சி ஓஸ எறக்கி வச்சுட்டு என்கிட்ட சொல்லுச்சு. "தம்பி, பதினெட்டு நாள் நாத்து. இன்னும் நாலு நாள் தாங்கும். அஞ்சாம் நாள் மாட்டுக்குத்தான் ஆகும். அதுக்கப்புறம் வெதச்சா பருவம் போயிரும்."

நாலு நாள். இத ஞாபகம் வச்சுக்கங்க. நான் நடுவுல வேற கதைக்குப் போயிருவேன். போன வாரம் இந்தத் தொடர்ல ஐயனார் கோயில் ஆட்டுக் கதைய எழுதப் போயி, பெரியப்பா என்கூட இன்னும் பேசல. அப்படிப்பட்ட பேனா இது.

வர்ற வழில காணாமப் போற ஆறு

வாய்க்கால்ல தண்ணி வரலியான்னு கேப்பீங்க. எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்கும் கெழக்க, கடைமடை. கடைமடைன்னா பந்தில கடேசி எல. சோறு வரும்போது சாம்பார் இருக்காது, சாம்பார் வரும்போது பந்திய முடிச்சுருவாங்க.

எங்க மாமா ஒருத்தரு திருக்காட்டுப்பள்ளில பொண்ணு கட்டுனாரு. அங்க போனா மனுசன் காலைல காவேரில குளிப்பாரு, சாயங்காலம் குளிப்பாரு, நடுவுல சும்மா ஒருக்கா குளிப்பாரு. எங்களுக்குப் ஃபோன் போட்டு, "அணை தொறந்துட்டாங்கடா, ஆறு நொரச்சுக்கிட்டு ஓடுது" அப்படிம்பாரு. அவரு சொல்லி பத்து நாளாகும், பதினஞ்சு நாளாகும், எங்க வாய்க்கால்ல ஓணான்தான் ஓடும். வர்ற வழில ஆளாளுக்குக் கொரம்பு போடுவான். மணல் மூட்டையையும் தழையையும் போட்டு வாய்க்கால மறிக்கிறதுதான் கொரம்பு. அவன் வயலு நெறஞ்சப்புறம் எடுப்பான். அடுத்தவன் போடுவான்.

தண்ணிய டிவில பாத்து, பேப்பர்ல படிச்சு, கடேசியாத்தான் கண்ணால பாப்போம்.

அதனாலதான் கொளம். எங்க நாவக்கொளம். மழத்தண்ணியும், வர்றப்ப வர்ற வாய்க்காத் தண்ணியும் அதுல தங்கும். வாய்க்கா கைய விரிச்சா கொளத்துல எஞ்சின வைப்போம். அதுக்கு ஒரு மொறை இருக்கு. கரைலேந்து வயலுக்கு ஒரு சின்னக் கெள வாய்க்கா, கன்னி வாய்க்கான்னு போகுது, அதோட கடேசில இருக்கிற வயலுக்குத்தான் மொதத் தண்ணி. அப்புறம் அதுக்கு முந்துனது. அப்புறம் அதுக்கு முந்துனது. கொளத்து ஓரத்துல இருக்கிறவன் கடேசி. யாரு போட்ட சட்டம்னு தெரியாது. எழுதி வைக்கல. எழுதி வச்சுருந்தா அதுலயும் நான் எழுத்துப்பிழை கண்டுபுடிச்சுருப்பேன்.

கடைமடையில கெடந்து அவதிப்பட்டவன் போட்ட சட்டம் அது. ஆறு எங்கள கடேசில வச்சுச்சு. எங்க கொளம் கடேசி ஆள மொதல்ல வச்சுச்சு.

சும்மாவாம்

இந்தக் கொளத்த ஏலம் விடுறதுக்குப் பஞ்சாயத்துல சொன்ன காரணத்தக் கேளுங்க. "கொளம் சும்மாதானே கெடக்கு. குத்தகைக்கு விட்டா ஊருக்கு வருமானம்."

சும்மா கெடக்காம்!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சும்மா கெடக்கிறது நானு. பத்தாவதுல ரெண்டு தடவ ஃபெயிலாயி, ரெண்டு வருசம் பாலத்துக் கட்டைல உக்காந்து போற வர்ற பஸ்ஸ எண்ணுனவன் நானு. சும்மாங்கிறதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அந்தக் கொளம் ஒரு நாளு சும்மா இருந்ததில்ல.

களை எடுத்துட்டு வர்ற பொம்பளைங்க மடியில பொன்னாங்கண்ணிக் கீரை அந்தக் கரைலேந்துதான் வரும். மாடு அதுல குடிக்கும், வாத்து மேயும், ஐப்பசி மழைல நத்தை பொறுக்குவோம். கோடையில கொட்டிக் கெழங்கு தோண்டுவோம். கெணத்துல தண்ணி ஊறுறதே அதால. வேலவெட்டி இல்லாத வாரத்துல எத்தன வீட்டுல கொழம்புன்னு ஒண்ணு கொதிச்சதுக்குக் காரணம் அந்தக் கொளம். காசு குடுக்காம எடுத்தோம், அதனால அது கணக்குல வரல. கணக்குல வரலன்னா சும்மா. என்னா படிப்புய்யா உங்க படிப்பு! நான் ஃபெயிலானதே தேவலாம்.

பங்குனி கடேசில தண்ணி முட்டிக்குக் கீழ எறங்குனதும் ஊரே எறங்கி மீன் புடிக்கிற நாள் ஒண்ணு உண்டு. வலை, பறி, வேட்டி, பொடவை, எது கெடச்சாலும். நான் ஒரு தடவ எங்கம்மாவோட கொசுவலையப் போட்டு நாலு கெண்டையும் நாலு அடியும் வாங்குனேன். அன்னிக்கு சாயங்காலம் கரைப்பங்குன்னு ஒண்ணு பிரிப்பாங்க. கொளத்துல எறங்க முடியாம கரைல நிக்கிறவங்க இருப்பாங்கல்ல, கைகால் முடியாதவங்க, புள்ளத்தாச்சி, ஆம்பளத் தொணை இல்லாத வீடு. புடிச்சவன் ஒவ்வொருத்தனும் கூடைலேந்து கை நெறைய அள்ளி ஒரு சாக்குல போடணும். அதுதான் அவங்க பங்கு. தானம்னு யாரும் சொல்லமாட்டான். பங்குதான்.

எங்கப்பாவுக்குக் கால் ஒடஞ்ச வருசம் நாங்களும் கரைல நின்னோம். எங்க பங்கக் கொண்டாந்து வாசல்ல வச்சது யாரு தெரியுமா? இந்தக் கோவிந்தண்ணன்தான். பங்கோட தன்னோட கூடைலேந்து ஒரு வெராலையும் தூக்கிப் போட்டு, "இது கரைப்பங்குல சேராது, இது என் கொழுப்பு" அப்படின்னுட்டுப் போனாரு.

அவருதான் அன்னிக்கு கேட்டுக்கு உள்பக்கம்.

குத்தகை எடுத்தவரு டவுன்காரரு. நல்லாருக்கிறவருதான், இன்னும் நல்லாருக்கணும்னு ஆசை. கொளத்துல ஜிலேபிக் கெண்டை விட்டாரு, அதனால நான் அவருக்கு ஜிலேபியாருன்னு பேரு வச்சேன். மீனுக்குத் தீனின்னு கோழிக் கழிவ மூட்ட மூட்டையாக் கொண்டாந்து கொட்டுனாரு. தண்ணி பச்சையாச்சு, அப்புறம் நாத்தமாச்சு, வெராலும் கெளுத்தியும் போன எடம் தெரியல. வளந்த மீனு லாரில ஏறிப் போகுது. அத நாங்க பாக்கணும்னா டவுன் மார்க்கெட்டுக்குப் போயி, "எலே, நம்மூருப் பயலே, நல்லாருக்கியா"ன்னு ஐஸ் பொட்டிக்குள்ள எட்டிப் பாத்துக் கேக்கணும்.

ஏழு பேரும் ஒரு நாயும்

அன்னிக்கு மத்தியானமே அத்தாச்சி வீடு வீடாப் போயி, சாயங்காலம் படித்துறைக் கேட்டுக்கிட்ட கூட்டம்னு சொல்லிட்டு வந்துச்சு. கொளம் எல்லாருதும், எல்லாரும் சேந்து கேட்டா தொறந்துதானே ஆகணும்.

வந்தது ஏழு பேரு. அத்தாச்சியையும் என்னையும் சேத்துத்தான் சொல்றேன். நாய எண்ணல.

கன்னி வாய்க்கா கடேசி வயலு சாமிக்கண்ணு மாமாவோடது. அவரு நாத்துந்தான் காயுது. அவரு வரல. நானே போயிக் கூப்ட்டேன்.

"மாமா, வாங்க. தலயக் காட்டிட்டு வந்துருங்க."

"எனக்கு எதுக்குடா வம்பு? பெரிய எடம். நீங்க பேசுங்க. தண்ணி விட்டா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

"அதுசரி. மாமா, உங்க கல்யாணத்துக்காவது நீங்க நேர்ல போனீங்களா, இல்ல ஆள அனுப்புனீங்களா?"

செருப்பக் கழட்டுனாரு. ஓடி வந்துட்டேன்.

ஏழு பேரு கேட்டா யாரு தொறப்பா? கோவிந்தண்ணன் பாவமாப் பாத்தாரு. ஜிலேபியாரு ஃபோனயே எடுக்கல. அப்பத்தான் அத்தாச்சி என்னையப் பாத்து, "நீதான் ஃப்ளெக்ஸ் கடையில வேல பாக்குறியே. ஒரு பேனர் அடிச்சு மெயின்ரோட்டுல கட்டு. நாலு பேரு பாத்தா நாப்பது பேரு வருவாங்க" அப்படின்னுச்சு.

அங்கதான் என் தல சுத்த ஆரம்பிச்சுச்சு.

பல்லி ல, பள்ளி ள

இந்தத் தொடரப் படிக்கிறவங்களுக்குத் தெரியும், திருத்துறைப்பூண்டில பாஸ்கரண்ணன் ஃப்ளெக்ஸ் கடையில நான்தான் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கருமாதி, எல்லாம் என் கை வழியாத்தான் போகும். மூணுலயும் எழுத்துப்பிழை சமமா இருக்கும், பாகுபாடு கெடையாது. ஒரு தடவ கண்ணீர் அஞ்சலிக்குப் பதிலா 'தண்ணீர் அஞ்சலி'ன்னு அடிச்சுட்டேன். பாஸ்கரண்ணன் திட்டுனாரு. "அண்ணே, நம்ம ஏரியாவுக்கு இதுதானே சரி"ன்னேன். அதுக்கும் திட்டுனாரு.

எனக்கு இந்த ல, ள, ழ மூணும் ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல தமிழ்சார் காதத் திருகி, "சொல்லுடா, பல்லிக்கு எந்த ல, பள்ளிக்கு எந்த ள?" அப்படிம்பாரு. நான் செவுத்துல இருந்த பல்லியப் பாத்த அளவுக்குப் போர்டப் பாத்ததில்ல. அதனால பல்லி ல மட்டும் மனசுல நின்னுருச்சு.

போதாக்கொறைக்கு அப்ப எங்க கடைக் கம்ப்யூட்டர்ல ள வர்ற கீ வேலை செய்யாது. எத்தன தடவ அமுக்குனாலும் எறங்காது. பாஸ்கரண்ணன் புதுக் கீபோர்டு இன்னிக்கு வாங்குறேன், நாளைக்கு வாங்குறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

அவசர அவசரமா அடிச்சேன். கொளம்னு பேச்சுத் தமிழ்ல போட்டா மரியாதையா இருக்காதுன்னு சுத்தத் தமிழ்ல போட்டேன். அதுதான் வெனை. பேனர்ல இப்படி வந்துச்சு:

'நம் குலம் காப்போம்! நம்மைக் காத்த குலத்தை ஒருவனே சொந்தம் கொண்டாடுவதா? பொங்கி எழுவோம்! ஞாயிறு காலை 9 மணிக்கு ஊர்ப் படித்துறைக்குத் திரண்டு வாரீர்!'

ஓரத்துல போட மீன் படம் தேடுனேன். நல்லதா ஒண்ணும் சிக்கல. ஒரு சிங்கம் இருந்துச்சு, கர்ஜிக்கிற சிங்கம். போட்டுட்டேன்.

வெள்ளிக்கெழம சாயங்காலம் மெயின்ரோட்டு முக்கத்துல கட்டுனேன். எவனோ ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டுட்டான். அத்தாச்சி வயலுலயே கெடந்துச்சு, பேனரப் பாக்கல. நான் பாத்தேன். நல்லாருக்குன்னு நெனச்சேன்.

நாலு வேன்

ஞாயித்துக்கெழம. அத்தாச்சி சொன்ன நாலாம் நாளு. எட்டரைக்கே தள்ளுவண்டியோட படித்துறைக் கேட்டுக்கு முன்னாடி நிக்கிறோம். ஏழு பேருல மூணு பேருதான் வந்துருந்தாங்க. எனக்கு அழுக வர்ற மாதிரி இருந்துச்சு.

அப்பக் கேட்டுச்சு ஆரன் சத்தம்.

பட்டுக்கோட்டை ரோட்டுலேந்து ரெண்டு வேன். பின்னாடி பைக்கு, பைக்கு, பைக்கு. கொடி கட்டிருக்கு. எறங்குறான், எறங்குறான், எறங்கிக்கிட்டே இருக்கான். எல்லாம் வெள்ளச் சட்டை. "குலம் காப்போம்! குலம் காப்போம்!" தொண்ட கிழியுது. எனக்குப் புல்லரிச்சுருச்சு. டெல்டா முழிச்சுக்கிச்சுடான்னு நெனச்சேன்.

அஞ்சு நிமிசத்துல வடக்கேந்து இன்னும் ரெண்டு வேன். வேற கலர் கொடி. "குலம் காப்போம்!" எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

உள்ள கோவிந்தண்ணன் சேர்லேந்து எந்திரிச்சுட்டாரு. ஃபோன் போடுறாரு. ஜிலேபியாரு கத்துறது எங்களுக்கே கேக்குது. "எத்தன வேனு? நாலா? யோவ், பூட்டத் தொறந்து விட்டுட்டு ஓடி வந்துருய்யா! கம்பி கேட்டையெல்லாம் பேத்துருவானுங்க!"

கோவிந்தண்ணன் பூட்டத் தொறந்தாரு. சங்கிலிய உருவுனாரு. என்கிட்ட வந்து மெதுவா, "என்னடா பண்ணித் தொலச்ச?" அப்படின்னுட்டு மொபெட்ட எடுத்துட்டுப் போயிட்டாரு.

ரெண்டு கூட்டமும் ஒண்ண ஒண்ணு பாத்து பூரிச்சுப் போச்சு. நம்ம ஆளுங்க எத்தன பேருன்னு ரெண்டு பக்கமும் நெனப்பு. கட்டிப் புடிச்சுக்கிறான். ஒருத்தன் வாங்குன டீய இன்னொருத்தன் குடிக்கிறான். "அண்ணன் எந்த ஊரு?" "தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" பத்து நிமிசம் எங்க ஊர்ல சாதி ஒழிஞ்சுருந்துச்சுங்க. சத்தியமா. நான் பாத்தேன்.

அப்பறம் ஒரு வெள்ளச் சட்ட மைக்கப் புடிச்சு, "நம்ம குலத்தோட பெரும..." அப்படின்னு ஆரம்பிச்சு குலத்தோட பேரச் சொன்னாரு.

இந்தப் பக்கம் கைதட்டல். அந்தப் பக்கம் டீ கிளாஸு அப்படியே நின்னுருச்சு.

ரெண்டு பக்கமும் மொறைக்கிறான். வேட்டிய மடிச்சுக் கட்டுறான். அந்த நேரம் பாத்து, டுப்டுப்டுப்டுப்ன்னு ஒரு சத்தம். மைக்குச் சத்தமே அமுங்கிப் போச்சு.

மல்லிகா அத்தாச்சி எஞ்சினப் போட்டுருச்சு. இத்தன களேபரத்துல அது யார் மொகத்தயும் நிமுந்து பாக்கல. கேட்டு தொறந்துச்சு, ஓஸ எறக்குச்சு, கயித்தச் சுத்தி இழுத்துச்சு. அந்தப் பச்சத் தண்ணி நாத்தமடிச்சுக்கிட்டே கன்னி வாய்க்கால்ல எறங்கி ஓடுது.

"எவன்டா பேனர் அடிச்சது?" ரெண்டு கூட்டமும் சேந்து கேட்டுச்சு.

"நாந்தாண்ணே. அது குலம் இல்லண்ணே, குளம். லானா மாறிப் போச்சு."

"என்னா குளம்?"

"இந்தா, இதுண்ணே." கையக் காட்டுனேன்.

எல்லாரும் திரும்பி தண்ணியப் பாத்தானுங்க. அப்பத்தான் அங்க ஒரு கொளம் இருக்கிறதே தெரிஞ்ச மாதிரி.

"இதுக்காடா எங்கள இவ்வளவு தூரம் வரவச்ச?"

எனக்கும் வாய் சும்மா இருக்கல. "ஏண்ணே, நீங்க சோறு திங்கிறதில்லையா?"

விழுந்துச்சு அறை. இந்தக் கன்னத்துல இந்தக் குலம், அந்தக் கன்னத்துல அந்தக் குலம். அந்த ஒரு விசயத்துல ரொம்ப ஒத்துமையா இருந்தாங்க. கால் மணி நேரத்துல வேனு கெளம்பிருச்சு. போறதுக்கு முன்னாடி ஒருத்தன் கொளத்துல காலக் கழுவிட்டு, தண்ணி பாக்கெட்டு கவர உள்ள வீசிட்டுப் போனான்.

அறை வலிக்கலங்க. அது பழகிப் போனது. எரிஞ்சது வேற எடத்துல. டீசல் போட்டு, ஞாயித்துக்கெழம கறிச்சோத்த விட்டுட்டு, ஊரு விட்டு ஊரு வர்றான், பேர் தெரியாத எதையோ காப்பாத்த. அவன் தட்டுல விழுற சோத்துக்குத் தண்ணி எங்கேந்து வருதுன்னு கேக்க வாங்கடான்னா, தெருவுல இருக்கிறவனே வரமாட்டேங்கிறான். ஜிலேபியாருக்கு இது நல்லாத் தெரியும். அந்த முள்ளுக்கம்பியவா அவரு நம்புறாரு? எங்க சாமிக்கண்ணு மாமாக்கள நம்பித்தான் பூட்டே போட்டாரு.

மொறைன்னா மொறை

மத்ததக் கேளுங்க. எனக்கு இன்னும் ஆறல.

அத்தாச்சி தண்ணிய யாருக்கு விட்டுச்சு? கன்னி வாய்க்கா கடேசில சாமிக்கண்ணு மாமா நாத்தங்காலுக்கு. அத்தாச்சியோடது கொளத்துலேந்து ரெண்டாவது. நடுவுல இன்னும் ரெண்டு பேரோடது.

நான் கத்துனேன். "அத்தாச்சி, ஒனக்குக் கிறுக்கா? அந்தாளு கூட்டத்துக்கே வரல! மொதல்ல ஒன்னுதுல மடையத் தொற!"

"கடேசி வயலுக்குத்தான் மொதத் தண்ணி."

"எப்ப பூட்டுவானுங்கன்னு தெரியாது!"

"அதனாலதான். பூட்டுனவன் மொறைய மீறுனான்னுதானே சண்டைக்கு வந்தோம்? நானும் மீறுனா அவன்கிட்ட நான் என்னாத்தப் பேசுறது?" அப்படின்னுட்டு மண்வெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு.

மதியம் கோவிந்தண்ணன் திரும்பி வந்தாரு. அவரு கேட்டுக்குப் போகல. பாலத்துக் கட்டைல, கொளத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு.

"அண்ணே..."

"நான் இன்னும் வரலடா. நீ என்னையப் பாக்கல."

ரெண்டு மணி நேரம் அவரு வராமயே உக்காந்துருந்தாரு. கடேசி வயலு நனஞ்சுச்சு, அதுக்கு முந்துனதும் அதுக்கும் முந்துனதும் நனஞ்சுச்சு. அத்தாச்சி நாத்தங்கால்ல தண்ணி நொழஞ்சு பாதி பாத்திக்கு வந்துச்சு. அப்ப வெள்ளக் காருல ஜிலேபியாரே வந்து எறங்கிட்டாரு, நாலு ஆளோட. எஞ்சின அமத்துனாங்க. ஓஸ வெளில தூக்கிப் போட்டாங்க.

மீதிப் பாதி நாத்து அந்த வாரமே செவந்துருச்சு. ஒரு வழியா வாய்க்கால்ல தண்ணி வந்து நடவு நடந்தப்ப, சாமிக்கண்ணு மாமா அவரு நட்டு மிஞ்சுன நாத்துல நாலஞ்சு கட்டக் கொண்டாந்து அத்தாச்சி வரப்புல வச்சாரு. அதையும் சேத்து அஞ்சு மாவுல மூணு மாதான் நட முடிஞ்சுச்சு. மீதி ரெண்டு மாவும் தரிசு. மொறைய மதிச்சதுக்குக் கெடச்ச பரிசு அது.

இப்ப

அப்ப தாலுக்கா ஆபீஸ்ல ஒரு மனுவும் குடுத்தோம். அதையும் நான்தான் அடிச்சேன், அதே கீபோர்டுல. 'எங்கல் குலத்தை மீட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொல்கிறோம்.' போன வாரம் ஆபீஸ்லேந்து பதில் வந்துச்சு. சாதிச் சான்றிதழ் நகல் இணைக்கலையாம். இணைச்சு மறுபடி அனுப்பணுமாம்.

கேட்டுல இப்ப ரெண்டு பூட்டு. மேல கேமரா. கோவிந்தண்ணன வேலய விட்டு நிறுத்தியாச்சு. பங்குனில மீன் புடிக்கிற நாளு வந்தா அவரும் வெளிலதான் நிக்கணும். கரைப்பங்கு இல்லாத கரைல.

அத்தாச்சியோட மூணு மா பயிரு இப்ப பால் புடிக்குது. கதிருக்குள்ள பால் கட்டுற இந்த நேரம் தண்ணி இல்லன்னா நெல்லு பதராப் போயிரும். வாய்க்கா மறுபடி காஞ்சு கெடக்கு. மேல எவனோ கொரம்பு போட்டுட்டான்.

இன்னிக்குக் காலைல அத்தாச்சி கடைக்கு வந்துச்சு. கால்ல சேறு கூட இல்ல, வெறும் புழுதி.

"தம்பி, இன்னொரு பேனர் அடி. ஞாயித்துக்கெழமைக்கு."

பாஸ்கரண்ணன் புதுக் கீபோர்டு வாங்கிட்டாரு. ள கீ வெண்ணெ மாதிரி எறங்குது. நான் நாக்க மடிச்சு, எழுத்துக் கூட்டி, ஒண்ணொண்ணாப் பாத்து அடிச்சேன். 'நம் குளம் காப்போம்.' தமிழ்சார் பாத்துருந்தா மார்க்கு போட்ருப்பாரு.

"இப்பப் பாரு அத்தாச்சி. பள்ளி ள. ஒரு தப்பு கெடையாது."

அத்தாச்சி ஸ்க்ரீனயே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அந்த ஒரு எழுத்த வெரலால தொட்டுச்சு.

"இது வேணாம் தம்பி. போன தடவ போட்டதையே போடு."

"அத்தாச்சி, போன தடவ டீ கிளாஸோட நின்னுச்சு. இந்தத் தடவ வெட்டிக்குவானுங்க."

"தெரியும்."

"அப்பறம்?"

"சரியா எழுதுனா ஏழு பேருதானடா வர்றாங்க."

சொல்லிட்டு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துருச்சு. இன்னும் உக்காந்துருக்கு. நான் அழிக்கிற கீ மேல வெரல வச்சுக்கிட்டு இதச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.